அசையாத கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜிம்மி

கேள்வி:

ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர். போன வருஷம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக ஜிம்மி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. தினமும் சாயங்காலம் டீ குடிக்கும்போது அவர் தன் வலது கையால் அதற்கு இரண்டு பிஸ்கட் கொடுப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்த அன்று சாயங்காலமும் ஜிம்மி வழக்கம்போல வலது பக்கம் வந்து உட்கார்ந்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பிஸ்கட் போட்டால் தின்றுவிட்டு, மறுபடியும் அங்கேயே போய் உட்காரும். அந்தக் கை அசையாது என்று எனக்குத் தெரியும். அதற்குத் தெரியாது. ஏறக்குறைய ஒரு மாதம் இப்படியே போனது. பிறகு அவர் இடது கையால் கொடுக்கப் பழகினார். ஜிம்மியும் இடது பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் ஜெபிப்பதையே விட்டிருந்தேன். அந்த நாயைப் பார்த்துத்தான் மறுபடி முழங்கால் போட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஜிம்மி செத்துப்போனது. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் சாட்சியாகச் சொல்லும்போது அழுதுவிட்டேன். கூட்டம் முடிந்ததும் எங்கள் சபையின் சேகர கமிட்டியில் இருக்கும் பெரியவர் ஒருவர், "டீச்சர், விசுவாசத்தை நாய்கிட்டயா படிப்பாங்க? நாய்கள் புறம்பே இருக்கும்னு வெளிப்படுத்தின விசேஷத்துல எழுதியிருக்கே" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்கப்புறம் கூட்டத்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. நான் சொன்னது தவறா? ஜிம்மியை மறுபடி பார்ப்பேனா? எதிர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே ஒரு தெருநாய் குட்டி போட்டிருக்கிறது. ஒன்றை எடுத்து வளர்க்கலாமா என்றும் ஒரு யோசனை. இந்த வயதில் இது வேண்டாத வேலையா?

பதில்:

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை அந்தப் பயத்தோடேயே படிப்பீர்கள்.

அந்தப் பெரியவர் சொன்ன வசனம் வெளிப்படுத்தின விசேஷம் 22:15. அவர் சொன்னபடியே அங்கே நாய்கள் புறம்பே இருக்கின்றன. கூட யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்: சூனியக்காரர், விபசாரக்காரர், கொலைபாதகர், விக்கிரகாராதனைக்காரர், பொய்யை விரும்பி அதன்படி செய்கிறவர்கள். இந்த வரிசையில் நாலு கால் பிராணி ஒன்றுக்கு என்ன வேலை? அந்தக் காலத்து யூதர் வழக்கில் நாய் என்பது ஒரு வசைச்சொல். ஊருக்கு வெளியே குப்பையையும் பிணத்தையும் தின்று திரிந்த நாய்களைத்தான் அவர்கள் அதிகம் பார்த்தார்கள். இஸ்ரவேல் ராணி யேசபேலின் பிணத்தைத் தின்றவை அப்படிப்பட்ட நாய்கள். பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல், "நாய்களுக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்கிறார். அவர் சொன்னது தெருநாய்களை அல்ல, சபைகளுக்குள் வந்து தப்பாகப் போதித்துக்கொண்டிருந்த சிலரை. அதாவது என் தொழில்காரர்களை, போதகர்களை. அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால் இதைச் சொல்ல வேண்டாம். நான் எழுதினேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிருகத்திடம் பாடம் படிக்கலாமா என்பதில் வேதம் தயங்கவே இல்லை. "மிருகங்களைக் கேட்டுப்பார், அவைகள் உனக்குப் போதிக்கும்" என்கிறார் யோபு. சோம்பேறியை எறும்பிடம் அனுப்புகிறது நீதிமொழிகள். மாடும் கழுதையும் தங்கள் எஜமானை அறியும், என் ஜனம் அறியவில்லையே என்று கர்த்தர் வருத்தப்படுவதோடு ஏசாயா புத்தகம் தொடங்குகிறது. கத்தோலிக்கர் வீட்டு வேதாகமத்தில் தோபித்து என்று ஒரு புத்தகம் உண்டு, நம்முடையதில் இல்லை. அதில் தோபித்தின் மகன் தூர தேசத்துக்குப் பயணம் போகிறான். கூடவே ஒரு தேவதூதரும் வீட்டு நாயும் போகிறார்கள். அந்த நாய் கதையில் எதுவும் செய்வதில்லை, கூடப் போகிறது, அவ்வளவுதான். எழுதியவர் அதை விட்டுவிடாமல் எழுதினாரே என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

சரி, நிஜமான விஷயத்துக்கு வருகிறேன். நாயையும் விசுவாசத்தையும் சேர்த்துப் பேசியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை, டீச்சர் அம்மா. உங்களுக்கு முன்னால் மத்தேயு 15-ஆம் அதிகாரத்தில் ஒரு கானானிய ஸ்திரீ நிற்கிறாள். மகள் பிசாசினால் கொடிய வேதனைப்படுகிறாள் என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வருகிறாள். இயேசு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. சீஷர்கள் அவளை அனுப்பிவிடச் சொல்கிறார்கள். கடைசியில் அவர் வாய் திறந்தபோது வந்ததும் கடுமையான பேச்சுதான்: "பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து, நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறது நல்லதல்ல." மூல கிரேக்கத்தில் தெருநாய்க்கான சொல் இங்கே இல்லை. வீட்டுக்குள் வளையவரும் சின்ன நாயைக் குறிக்கும் சொல் இருக்கிறது. நம் தமிழ் வேதாகமம் "குட்டி" என்று சேர்த்து அதைக் காப்பாற்றிவிட்டது. அதனால் வலி முழுவதும் போய்விடுவதில்லை. குட்டி என்றாலும் நாய்தானே. ஆனால் அவள் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். "மெய்தான் ஆண்டவரே, ஆகிலும் நாய்க்குட்டிகள் தங்கள் எஜமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னுமே" என்றாள். அவளைப் பார்த்துத்தான் அவர், "ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது" என்றார்.

அந்த ஒரு வரியை நம் சபைகள் மறக்கவில்லை. 1548-இல் இங்கிலாந்தில் வந்த திருவிருந்து ஒழுங்கில் அதை ஒரு ஜெபமாகவே வைத்தார்கள். உம்முடைய மேஜையின் கீழ் விழுகிற துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்கிற ஜெபம். அங்கிருந்து ஆங்கிலிக்கன் சபைகளுக்கு வந்து, நம் தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஒழுங்கிலும் இருக்கிறது. முழங்கால்படியிட்டு நாம் எல்லாரும் சேர்ந்து சொல்கிற ஜெபம். மேஜைக்குக் கீழே துணிக்கை பொறுக்குகிறது யார்? அந்தப் பெரியவரும் ஒவ்வொரு திருவிருந்து ஆராதனையிலும் அந்த இடத்தில் நின்றுதான் அப்பத்துக்குக் கை நீட்டுகிறார். நானும்தான், அங்கி போட்டுக்கொண்டு.

நாயைப் பற்றி நம் ஆட்கள் சாட்சி சொல்லும்போது பெரும்பாலும் அதைக் கடவுளின் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். "என்ன செய்தாலும் நேசிக்கிறது, கடவுளைப் போல" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாய்க்கும் கணக்கு உண்டு. சோறு வைக்கிற கையை அதற்குத் தெரியும். எங்கள் வீட்டு நாய் பத்து வருஷமாகப் பால்காரரைப் பார்த்துக் குரைத்தது, ஒரு நாள் கடித்தும் வைத்தது. நாம் சத்துருக்களாயிருக்கையிலேயே கடவுள் நம்மை நேசித்த அன்பை அதனிடம் தேடினால் கிடைக்காது. கானானிய ஸ்திரீ அந்தத் தப்பைச் செய்யவில்லை. மேஜைக்குக் கீழே நாய் இருந்த இடத்தில் அவள் தன்னை வைத்துக்கொண்டாள். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. ஜிம்மி உட்கார்ந்திருந்த இடத்தில் போய் முழங்கால் போட்டீர்கள்.

இது நம் தமிழுக்கும் புதிதில்லை. திருவாசகத்துச் சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் தன்னை "நாயிற் கடையாய்க் கிடந்த" அடியேன் என்கிறார். அந்தத் திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் ஜி.யு. போப் ஐயர், நம்ம சாயர்புரத்தில் ஊழியம் செய்தவர்தான். திருவிருந்து ஜெபத்தில் துணிக்கை பொறுக்கிப் பழகிய ஒருவருக்கு அந்த அடியை மொழிபெயர்க்கும்போது என்ன தோன்றியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இப்போது கை. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கைதான்.

ராஜபாளையம் பக்கம் ஒரு சேகரத்தில் இருந்தபோது சபையார் ஒருவர் எங்களுக்கு ஒரு குட்டி கொடுத்தார். ராஜபாளையம் ஜாதி, முழு வெள்ளை, ரோஜா நிற மூக்கு. வெள்ளையன் என்று பெயர் வைத்தோம். எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பாது. திமிர் என்று நினைத்தோம். ஒரு நாள் என் மனைவி கையிலிருந்து பித்தளைத் தாம்பாளம் அதன் தலைமாட்டில் விழுந்தது. அது அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஜாதியில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். பிறகு எல்லாம் கையால்தான். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காரும். விரலை மடக்கினால் வரும். அதனாலேயே அது எங்கள் கையை விட்டுக் கண்ணை எடுக்காது. நான் எழுதும்போதும் சாப்பிடும்போதும் எதிரே படுத்துக்கொண்டு கையைப் பார்க்கும். கரண்ட் போய்விட்டால் கை தெரியாதே. அப்போது மெதுவாக எழுந்து வந்து என் காலோடு உடம்பை ஒட்டிக்கொண்டு நிற்கும், கரண்ட் வரும்வரை.

123-ஆம் சங்கீதத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருந்தேன். "வேலைக்காரரின் கண்கள் தங்கள் எஜமான்களின் கையை நோக்கியிருக்குமாப்போலவும்... எங்கள் தேவனாகிய கர்த்தர் எங்களுக்கு இரக்கஞ்செய்யும்வரைக்கும் எங்கள் கண்கள் அவரை நோக்கியிருக்கிறது." முகத்தைச் சொல்லாமல் ஏன் கையைச் சொன்னார்கள் என்று வெள்ளையன் வந்த பிறகுதான் விளங்கியது. அந்தக் கால வீடுகளில் எஜமான் வாய் திறக்கமாட்டான், கை அசைத்தால் வேலை நடக்க வேண்டும். கண் வேறு எங்கோ இருந்தால் கட்டளை போய்விடும். மார்ட்டின் லூத்தர் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. 1532-இல் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அது அவர் கையிலிருந்த இறைச்சியை வாய் திறந்தபடி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததாம். இந்த நாய் இறைச்சியைப் பார்க்கிற மாதிரி எனக்கு ஜெபிக்கத் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றாராம் அவர். கூட உட்கார்ந்து சாப்பிட்ட மாணவர்கள் அதைக் குறித்துவைத்திருக்கிறார்கள். ஆகவே நாயிடம் ஜெபம் படித்தவர் பட்டியலில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்தவரே இருக்கிறார்.

ஆனால் லூத்தரின் நாய்க்கு இறைச்சி கண்முன்னால் இருந்தது. உங்கள் ஜிம்மிக்கு முன்னால் இருந்தது எடுக்கவே முடியாத ஒரு கை. ஒரு மாதம் அது அங்கே உட்கார்ந்திருந்தது. நீங்கள் பிஸ்கட் போட்டீர்கள், தின்றது. பசிக்காக உட்கார்ந்திருந்தால் அத்தோடு எழுந்து போயிருக்கும். அவர் இடது கையால் கொடுத்தபோது மறுபேச்சு இல்லாமல் அந்தப் பக்கம் மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். வலது கைதான் வேண்டும் என்று அது பிடிவாதம் பிடிக்கவில்லை. நாம் பிடிப்போம். பழைய வழியிலேயே பதில் வர வேண்டும், பழைய கையே எழும்ப வேண்டும் என்று ஜெபித்துவிட்டு, மறுபக்கம் நீட்டியிருக்கிற கையைப் பார்க்காமலேயே இருந்துவிடுவோம். உங்கள் கணவரின் வலது கைக்காக ஜெபிப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. பிசியோதெரபியையும் விடாதீர்கள், இரண்டும் நடக்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நாலடியாரில் ஒரு பாட்டு உண்டு, நீங்கள் பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்கள். யானை பழகிய பாகனையே கொல்லும், நாயோ எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது. ஊழியத்துக்கு வந்த புதிதில் நான் அதைப் பிரசங்கத்தில் எடுத்துப் பொழிந்து தள்ளினேன். கர்த்தர் அடித்தாலும் நாம் வாலாட்ட வேண்டும் என்கிற தோரணையில். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் வாசலில் நின்றார். "ஐயா, எங்க வீட்டுக்காரரும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்" என்றார். முழங்கைக்கு மேலே சேலையை இழுத்து மூடியிருந்தார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து நாயைப் போல இரு என்று யாரிடமும் நான் சொல்வதில்லை, குறிப்பாகப் பெண்களிடம். கானானிய ஸ்திரீயைப் பாருங்கள், நாயின் இடத்தில் நின்றும் அவள் வாலாட்டவில்லை. "ஆகிலும்" என்று எதிர்க்கேள்வி கேட்டாள். பெரிய விசுவாசம் என்று பெயர் வாங்கியது அந்த "ஆகிலும்"தான்.

உங்களிடம் இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வருஷமாக ஒரு நோயாளியைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிறவர் நீங்கள். உங்கள் கடிதத்தில் உங்கள் களைப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பொறுமையாக இருங்கள் டீச்சர் என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஜெபிப்பதை விட்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாட்களின் கோபத்தையும் ஆண்டவரிடம் அப்படியே சொல்லலாம். சங்கீதங்களில் நிறைய அப்படித்தான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரமாவது வேறு யாரிடமாவது அவரை விட்டுவிட்டு வெளியே போங்கள். உங்கள் சங்கத்துப் பெண்களிடம் வாய் திறந்து கேளுங்கள். ஐக்கிய சங்கம் என்று பெயர் வைத்திருக்கிறோமே.

அடுத்து, ஜிம்மியை மறுபடி பார்ப்பீர்களா என்ற கேள்வி. ஜிம்மி உங்களுக்காக வாசலில் காத்திருக்கும் என்று எழுதிவிட்டால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி ஒரு வசனம் இல்லாததால் எழுத மாட்டேன். இருப்பதைச் சொல்கிறேன். சிருஷ்டி முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்று ரோமர் 8 சொல்கிறது. மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1781-இல் அந்தப் பகுதியை வைத்தே ஒரு பிரசங்கம் எழுதினார். மிருகங்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் வரப்போகும் உலகத்தில் ஈடு உண்டு என்பது அவர் நம்பிக்கை. "கர்த்தாவே, மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்" என்கிறது 36-ஆம் சங்கீதம். இவற்றுக்கு மேலே ஒன்று, எனக்குப் பிடித்தது. மத்தேயுவில் இரண்டு அடைக்கலான் குருவி ஒரு காசு. லூக்காவில் ஐந்து குருவி இரண்டு காசு. கணக்கு வாத்தியார் கண்ணோடு பாருங்கள், இரண்டு காசுக்கு நாலுதான் வர வேண்டும். ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார் இயேசு. யாரும் காசு கொடுத்து வாங்காத ஒரு நாட்டு நாயைப் பற்றி இவ்வளவு என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அழுததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பன்னிரண்டு வருஷம் என்பது சின்னக் காலமா? உங்கள் கணவரையும் அழ விடுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சில சமயம் அழுகை அடக்க முடியாமல் வரும். அது நோயினாலும் இருக்கலாம், ஜிம்மியினாலும் இருக்கலாம். நிற்கவே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு.

கூட்டத்துக்கு அடுத்த வாரமே போங்கள். அந்தப் பெரியவரோடு வாதம் வேண்டாம். கெட்டவராக இருக்க மாட்டார், வசனத்தை அவசரத்தில் எடுத்துவிட்டார், அவ்வளவுதான். ஒருவேளை அவர் வீட்டிலும் நாய் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். சங்கத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னால் மத்தேயு 15-ஐ வாசியுங்கள், 21-ஆம் வசனத்திலிருந்து 28 வரை. விளக்கம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசியாகக் குட்டி விஷயம். வேண்டாத வேலை இல்லை, ஆனால் வேலைதான். உங்களுக்கு ஏற்கெனவே கைக்கு மேல் வேலை. குட்டி ராத்திரியில் கத்தும், செருப்பைக் கடிக்கும், அவர் வாக்கர் பிடித்து நடக்கும்போது காலுக்கு நடுவே ஓடும். இந்தக் கடைசி விஷயத்தை நினைத்தே கொஞ்சம் பயப்படுகிறேன். எனவே அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வேண்டும் என்றால், தாயிடமிருந்து உடனே பிரிக்காதீர்கள், குறைந்தது எட்டு வாரம் ஆகட்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள், அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அவர் நடைப்பயிற்சி செய்யும் நேரத்தில் குட்டியைக் கட்டிவையுங்கள். சாயங்காலப் பிஸ்கட்டை முதல் நாளிலிருந்தே அவர் இடது கையால் கொடுக்கட்டும்.